கப்பலின் மார்கழி

லாரியின் பின்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பளபளப்புதான். ஐப்பசியின் கடைசி வாரம். காலை பத்து மணியாகியும் ஓசூரில் மூட்டம் விலகவில்லை. அந்தச் சாம்பல் வெளிச்சத்திலும் அந்தப் பெட்டைக் குதிரை புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடம் மாதிரி மின்னியது. பண்ணையாட்கள் எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"இதுவரைக்கும் நாம வளத்ததெல்லாம் கரடிங்க. இதுதான்யா குதிரை" என்றான் கங்கப்பன்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் நாலாவது மைலில் இருந்தது அந்தப் பண்ணை. பெங்களூர் முதலாளி ஒருவருடையது. பதினான்கு பெட்டைகள் இருந்தன. பந்தயத்தில் ஓடப்போகும் குட்டிகளை ஈன்று கொடுப்பதுதான் அவற்றின் வேலை. பதினைந்தாவதாக வந்தவள் இவள். ஆஸ்திரேலியாவில் கப்பலேறிச் சென்னையில் இறங்கியவள். காகிதத்தில் நீளமான ஒரு பெயர் இருந்தது. அது லாயத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. கப்பலில் வந்ததால் கப்பல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்தது.

அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆஞ்சப்பனிடம் வந்தது. அவன் பளபளப்பைப் பார்த்து நிற்கவில்லை. கிட்டே போய் அவள் காதின் அடியை வலது கையால் பொத்திப் பிடித்தான். குதிரைக்குக் குளிர்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதுதான் இடம். உடம்பு தன் சூட்டை வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் என்று காப்பாற்றிக்கொள்ள நினைக்கும்போது, முதலில் கைவிடுவது காதைத்தான். காதின் அடி வெதுவெதுப்பாக இருந்தால் கவலை இல்லை. சில்லென்று இருந்தால் குதிரை ஏற்கனவே சேமிப்பில் கைவைத்துவிட்டது என்று அர்த்தம். கப்பலின் காது சில்லென்று இருந்தது.

வலது கை என்று சொன்னேன். இடது கையால் அவன் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. அதில் மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்தன, மடங்கின, கயிறு பிடித்தன. ஆனால் அவற்றுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. எட்டு வருஷமாக அப்படித்தான்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து குதிரையோடு லாரியில் வந்த சென்னப்பன் டீயை ஊதிக் குடித்தபடி சொன்னான்: "கப்பல்ல இதைப் பாத்துக்கிட்ட வெள்ளைக்காரன் ஒண்ணு சொன்னான்ணே. அவங்க ஊர்ல இப்பதான் வெயில் காலம் பொறக்குதாம். நமக்குக் குளிருன்னா அவங்களுக்கு வெயிலாம். கேக்கவே வேடிக்கையா இல்ல?"

ஆஞ்சப்பனுக்கு வேடிக்கையாக இல்லை. அவனுக்கு ஏன் அப்படி இருந்தது என்பதற்கு, குதிரையின் மயிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

குளிர் வந்தால் குதிரைக்கு மயிர் வளரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அது முடியாத காரியம். உடம்பு முழுக்க நீள மயிர் வளர இரண்டு மூன்று மாதம் வேண்டும். குளிர் வந்த பிறகு ஆரம்பித்தால் வளர்ந்து முடிவதற்குள் குளிரும் முடிந்துபோகும், குதிரையும் முடிந்துபோகும். அதனால் குதிரையின் உடம்பு குளிரை எதிர்பார்த்து நிற்பதில்லை; பகலை அளக்கிறது. ஆனி கழிந்து பகல் சுருங்கத் தொடங்கியதும் அந்தச் சேதி கண் வழியாக உள்ளே போகிறது. ஆவணி, புரட்டாசியில், நமக்கு இன்னும் வியர்க்கிற நாட்களிலேயே, மெல்லிய மயிர் உதிர்ந்து அடியிலிருந்து நீளமும் அடர்த்தியுமாகப் புதுசு கிளம்புகிறது. கார்த்திகைக்குள் சட்டை தயார். தை பிறந்து பகல் நீள ஆரம்பித்தால், மாசியில் அதே மயிர் கைகொள்ளாமல் உதிரும்.

நம் பக்கத்தில் வருஷத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் மொத்த வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான். குதிரைக்கு அது போதும். பண்ணையில் மேனேஜர் ஆபீஸின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் முதல் கொட்டடிக்குள் விழும். அங்கே கட்டியிருக்கும் குதிரை எதுவானாலும், மற்றவற்றைவிடப் பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே மயிர் உதிர்க்கும். விளக்கையும் அது பகலோடு சேர்த்து அளந்துவிடுகிறது. ஆஞ்சப்பன் இதை மூன்று வருஷம் பார்த்து உறுதி செய்துகொண்டிருந்தான். யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

கப்பலின் ஊரில் எல்லாம் நேர்மாறு. நமக்கு நீளப் பகல் வரும் ஆனியில் அங்கே குட்டைப் பகல். நம் குதிரைகள் கம்பளிச் சட்டை தைத்துக்கொண்டிருந்த புரட்டாசியில் அவள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டாள். மெல்லிய வெயில் சட்டையோடு கப்பலேறினாள். ஒரு மாதத்துக்குள் இங்கே வந்துவிட்டாள். மயிர் அத்தனை வேகமாகக் கடலைக் கடக்காது. அது இன்னும் ஒரு வருஷமாவது அந்த ஊர்க் கணக்கையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எல்லாரும் மெச்சிய பளபளப்பும் அதனால் வந்ததுதான். குட்டை மயிர் தோலோடு படிந்து கிடக்கும்; வெளிச்சம் பட்டால் கண்ணாடி மாதிரி திருப்பியடிக்கும். குளிர்கால மயிர் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு மயிரின் வேரிலும் ஒரு சின்னஞ்சிறு தசை இருக்கிறது. குளிர்ந்தால் அது இழுக்கும், மயிர் எழுந்து நிற்கும். நமக்கு மயிர்க்கூச்செறிவதும் அதே தசையால்தான். நமக்கு மயிர் போதாததால் அது எதற்கும் உதவுவதில்லை. குதிரைக்கு அப்படி நின்ற மயிர்களுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கிய காற்றுதான் போர்வை. மார்கழிக் காலையில் நம் பக்கத்துக் குதிரையின் முதுகில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். விரலால் மயிரைப் பிரித்துத் தொட்டால் உள்ளே தோல் சுடச்சுட இருக்கும். அப்படி நின்ற மயிர் வெளிச்சத்தைத் திருப்பாது, விழுங்கிவிடும். பார்க்க மங்கலாக, கரடி மாதிரி இருக்கும். மார்கழியில் மங்கலாக இருக்கும் குதிரை சுகமாக இருக்கிறது. மின்னுகிற குதிரை விறைத்துக்கொண்டிருக்கிறது.

ஆஞ்சப்பன் செய்ய வேண்டியதைச் செய்தான். அஞ்செட்டிப் பக்கத்துக் குறும்பர்கள் நெய்கிற கறுப்புக் கம்பளி ஒன்றை அவளுக்குப் போர்த்தினான். கொள்ளைக் குறைத்து, காய்ந்த புல்லையும் வைக்கோலையும் கூட்டினான். கொள்ளு பலம் தரும். ஆனால் வயிற்றுக்குள் கிடந்து மெல்ல மெல்லப் புளித்து அடுப்பு மாதிரி சூடு தருவது புல்லும் வைக்கோலும்தான். கார்த்திகை முழுக்கக் கப்பலின் காது வெதுவெதுப்பாக இருந்தது.

மார்கழி பிறந்த நாலாம் நாள் மேனேஜர் நாராயணப்பன் லாயத்துக்கு வந்தார். கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். தோளில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உரசி மங்கியிருந்தது.

"என்னாப்பா இது?"

"கம்பளி உரசுனதுங்க. சொரசொரன்னு இருக்குது. அடியில மெத்துன்னு ஒரு துணி கெடச்சா உரசாதுங்க."

"முதலாளி சங்கராந்திக்கு வராரு. இத்தனை தூரத்துல இருந்து கொண்டாந்ததைக் கண்ணால பாக்க வராரு. கம்பளியும் கோணியும் போத்தி, சீக்குக் குதிரையாட்டம் நிறுத்தச் சொல்றியா?"

"இவளுக்கு மேல மயிர் இல்லீங்க. இவ ஊர்ல இப்ப வெயில் காலம். போத்தலன்னா இந்த மார்கழி தாங்க மாட்டா."

நாராயணப்பன் சிரித்தார். "ஊருக்கு ஒரு சூரியன் வெச்சிருக்காங்களா? மத்ததுங்களைப் பாரு, சாக்குப் பையாட்டம் நிக்குதுங்க. இது ஒண்ணுதான் உருப்படியா இருக்குது. இதைப் போயி தாங்காதுன்றே."

அவர் கெட்ட மனிதர் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காளை வளர்த்த குடும்பம். நாட்றாம்பாளையத்திலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எந்தச் சந்தைக்குப் போனாலும், மாட்டின் முதுகில் கையை வழுக்கவிட்டே வயதையும் நோயையும் சொல்லிவிடுவார். காளைக்குத் தோல் மின்னினால் சுகம், மங்கினால் சீக்கு. நம் ஊர் மாட்டுக்கு அது பன்னிரண்டு மாதமும் சரி. அந்தக் கண்ணைத்தான் அவர் லாயத்துக்குள்ளும் கொண்டுவந்திருந்தார்.

"கம்பளியை ஸ்டோர்ல கொண்டுபோய் வெச்சிடு. சங்கராந்தி வரைக்கும் வெளிய எடுக்கக் கூடாது. காலையில சாயந்தரம் வந்து பாப்பேன்."

"சரிங்க" என்றான் ஆஞ்சப்பன். கம்பளியை மடித்துக் கொண்டுபோய் வைத்தான்.

அதன் பிறகு உத்தரவுக்குள் அடங்கியதை எல்லாம் செய்தான். வாடைக் காற்று வரும் பக்கத்துச் சந்துகளில் கோணி அடைத்தான். முழங்கால் புதையும் அளவுக்குக் கீழே வைக்கோல் பரப்பினான். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, காலையும் மாலையும் அவள் உடம்பை அழுத்தித் தேய்த்தான். தேய்த்த அரைமணி நேரத்துக்கு அவள் காதில் சூடு இருக்கும். பிறகு போய்விடும். பத்து நாளில் விலாவெலும்பு தெரிந்தது. புல்லில் பாதி மிஞ்சியது. அவள் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். நடுங்குவதும் ஒரு வேலைதான். தசைகள் சும்மா நின்ற இடத்திலேயே ஓடுகின்றன; ஓடினால் சூடு பிறக்கும். ஆனால் ஓடுவதற்குத் தீனி வேண்டும், அவளோ தின்னவில்லை. எத்தனை நாள் தாங்கும் என்பதை ஆஞ்சப்பனால் ஏறக்குறையச் சொல்லிவிட முடிந்தது. சங்கராந்தி வரைக்கும் தாங்கலாம். அன்றைக்கு வேறொரு கஷ்டம் வந்தால் தாங்காது.

இதை எல்லாம் அவன் வானிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வருத்தம் என்று எதுவும் வரவில்லை. கோபமும் இல்லை.

ஒரு சாயங்காலம் அவன் மனைவி சரசம்மா ராகிக் களியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்: "அந்தக் கப்பல்காரி செத்துப்பூடுவாளாமே? கங்கப்பன் பொண்டாட்டி சொல்றா."

"ஆமா."

"நீ மேனேஜர்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேன்."

"எத்தனை வாட்டி?"

"ஒரு வாட்டி."

சரசம்மா துடுப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "ஒரு வாட்டி சொன்னா அது சொன்னதே இல்லய்யா. உங்கிட்ட ஒறவுக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போலாம்னு நான் எத்தனை வாட்டி சொல்றேன்? அப்பவும் நீ கல்லாட்டம் உக்காந்திருப்பே. மேனேஜரு மட்டும் ஒரே வாட்டியில எழுந்து ஓடிடுவாரா?"

அவன் தட்டை நீட்டினான். களியை உருட்டி வாயில் போட்டான்.

ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது அவனுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பட்டாளத்தில் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். இத்தாலியில் மலை மேல் இருந்த சிப்பாய்களுக்குக் குண்டும் ரொட்டியும் சுமந்த கழுதைகள். ஒரு வருஷம் ஐப்பசியில் கழுதைகளுக்குச் சொறி கண்டது. மயிரை ஒட்ட வெட்டி மருந்து பூசு என்று உத்தரவு வந்தது. குளிர் வருகிறதே, சொறி உள்ள இடத்தை மட்டும் வெட்டலாமே என்று ஆஞ்சப்பன் ஒரு தடவை கேட்டான். உத்தரவு மாறவில்லை. நாற்பது கழுதைகளின் மயிரை அவன் கையாலேயே வெட்டினான். அதற்கென்று ஒரு கைமிஷின் இருந்தது. பத்தாம் நாள் பனி விழுந்தது. கழுதைகள் இரண்டு நாள் நடுங்கின. மூன்றாம் நாள் நடுக்கம் நின்றது. "பாத்தியா, பழகிடுச்சு" என்றார் அதிகாரி. அன்று சாயங்காலத்துக்குள் பதினொன்று விழுந்தன. விழாமல் இருந்தவற்றின் சங்கிலியைப் பனியில் இழுத்துப் பிடித்து நின்றதில்தான் அவனுடைய இரண்டு விரல்களில் உணர்வு போயிற்று. மருத்துவர் வெட்டிவிடலாம் என்றார்; பிறகு விட்டுவிட்டார். சரசம்மாவுக்கு விரல் கதை தெரியும். கழுதைக் கதை தெரியாது.

ஊருக்கு வந்த பிறகு அவன் அந்த மாதிரி மிஷினைத் தொட்டதில்லை. பண்ணையில் வெட்ட வேண்டியிருந்தால் கங்கப்பன் வெட்டுவான்.

சங்கராந்தி அன்று விடியற்காலையிலேயே ஏரிக்கரை நிறைந்துவிட்டது. சுற்றுவட்டார மாடுகள் எல்லாம் அங்கே நின்றன. ஆட்கள் வைக்கோலால் தேய்த்து மாடுகளைக் கழுவினார்கள். கொம்புக்கு நீலமும் சிவப்பும் பூசினார்கள். சாயங்காலம் நெருப்பைத் தாண்டவிட வேண்டும் என்று ஒரு பக்கம் குப்பையையும் சுள்ளிகளையும் குவித்தார்கள். மூட்டத்துக்குள் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது.

நாராயணப்பன் புது வேட்டியோடு லாயத்துக்கு வந்தார். அவருக்குப் பின்னால் கங்கப்பன் ஒரு அண்டா வெந்நீரையும் ஒரு கிண்ணம் சீயக்காய்த் தூளையும் தூக்கிவந்தான்.

"நல்ல நாளு. மாட்டையெல்லாம் கழுவறாங்க, இதையும் கழுவிடுங்க. எட்டு மணிக்கு முதலாளி கார் வந்துடும். முற்றத்துல நிறுத்துங்க, வந்து எறங்கினதும் கண்ணுல படணும்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மாடு என்றால் கழுவலாம். குதிரையின் தோலில் மெழுகு மாதிரி ஒரு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். மழையும் பனியும் அதைத் தாண்டி உள்ளே போகாமல் வழுக்கிவிடும். அதனால்தான் குளிர்காலத்தில் குதிரையை அதிகமாகச் சீவக்கூட மாட்டார்கள். சீயக்காய் அந்தப் பிசுக்கை ஒரே கழுவில் எடுத்துவிடும். நம் தலையிலிருந்து எண்ணெயை எடுப்பதுபோலத்தான். பிறகு ஈரம் நேரே தோலுக்குப் போகும். ஈரத் தோலில் காற்றுப் பட்டால் இருக்கிற சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

ஆஞ்சப்பன் முகக்கயிற்றைப் பிடித்து நின்றான். கங்கப்பன் தேய்த்துக் கழுவினான். வெந்நீர் பட்டதும் கப்பல் கண்ணை மூடிக்கொண்டாள். அத்தனை நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே சூடு அது. கால் மணி நேரத்தில் அது ஆவியாகப் போய்விட்டது.

எட்டு மணி ஆயிற்று. கார் வரவில்லை. ஓசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே இருபத்தைந்து மைல். மூட்டத்தில் கார் மாட்டு வண்டி மாதிரிதான் ஊரும். எட்டரை ஆயிற்று. கப்பல் முற்றத்து நடுவில் ஈரத்தோடு நின்றாள். முட்டியிலிருந்து உதடு வரைக்கும் நடுங்கினாள். பற்கள் மோதும் சத்தம் கயிறு வழியாக ஆஞ்சப்பன் கைக்கு வந்தது. நாராயணப்பன் வாசலுக்கும் ஆபீஸுக்கும் நடந்தார்.

"அய்யா, உள்ள கட்டட்டுங்களா? காரு சத்தம் கேட்டதும் கொண்டாந்துடலாம்" என்றான் கங்கப்பன்.

"உள்ள போனா சாணியில படுத்துப் பொரளும். மறுபடி எவன் கழுவறது? நிக்கட்டும்."

ஒன்பது ஆகும்போது நடுக்கம் நின்றது.

கயிறு சட்டென்று அமைதியாகிவிட்டதை ஆஞ்சப்பன் உணர்ந்தான். திரும்பிப் பார்த்தான். கப்பல் தலையைத் தொங்கவிட்டு நின்றாள். தோல் அசையவில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து வந்த லேசான வெயிலில் அவள் முதுகு மின்னிக்கொண்டிருந்தது.

நாராயணப்பனும் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. "பாத்தியா? பழகிடுச்சு."

நடுங்குவது ஒரு வேலை என்று சொன்னேன். உடம்பில் எரிக்க எதுவும் மிச்சம் இல்லாதபோது அந்த வேலை நிற்கும். பார்ப்பவருக்கு அது நிம்மதி மாதிரித் தெரியும்.

ஆஞ்சப்பன் கயிற்றைக் கங்கப்பன் கையில் கொடுத்தான். தன் தலையிலிருந்து முதுகு வரைக்கும் போர்த்தியிருந்த கம்பளியை உருவினான். மூலையில் குவித்திருந்த வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளிவந்து அவள் முதுகில் பரப்பி, அதன் மேல் கம்பளியைப் போட்டான். ஈரக் குதிரைக்கு நேரடியாகக் கம்பளி போட்டால் கம்பளியும் ஈரமாகிவிடும். நடுவே வைக்கோல் இருந்தால் ஈரம் அதன் இடுக்கு வழியாக மேலே ஏறிப் போகும்; அடியில் சூடு தங்கும். அதைச் செய்துவிட்டு, இன்னொரு பிரியை முறுக்கி அவள் கால்களைத் தேய்க்க ஆரம்பித்தான்.

"ஏய், என்னா பண்றே?" என்றபடி நாராயணப்பன் வந்தார். "எடு அதை."

"எடுக்க மாட்டேங்க."

அவன் குரல் உயரவில்லை. மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது மாதிரி இருந்தது. நாராயணப்பனுக்கு அவன் சொன்னது காதில் ஏறவே சற்று நேரம் பிடித்தது. பிறகு அவரே கம்பளியின் முனையைப் பிடித்தார். ஆஞ்சப்பன் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூலியாள் மேனேஜரின் கையைப் பிடிப்பதை அவர்கள் யாரும் கண்டதில்லை.

அவன் அந்தக் கையை எடுத்துப்போய்க் கப்பலின் காதடியில் வைத்தான்.

"தொட்டுப் பாருங்க."

நாராயணப்பனின் விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன. மாட்டைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை அது. அதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆஞ்சப்பன் அந்தக் கையை அங்கிருந்து எடுத்துத் தன் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மேல் வைத்தான். அவை எப்போதும் மற்ற விரல்களைவிடக் குளிர்ந்திருக்கும்.

"இதுவும் ஒருக்கா நடுங்கிக்கிட்டு இருந்துச்சுங்க. அப்புறம் நின்னுடுச்சு. பழகிடுச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

நாராயணப்பன் கையை இழுத்துக்கொண்டார். வேட்டியில் துடைத்தார். வாசலைப் பார்த்தார், கார் இல்லை. கப்பலைப் பார்த்தார்.

"ஸ்டோர் சாவி இந்தா" என்றார் கங்கப்பனிடம். "அதோட கம்பளியை எடுத்துக்கிட்டு வா. இன்னும் ஒண்ணு ரெண்டு இருந்தா அதையும் எடுத்துக்கிட்டு வா."

பண்ணையாட்கள் வீட்டு வரிசையிலிருந்து சரசம்மா வந்தாள். பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு அவள் கையில் இருந்தது. "எனக்குக் குளிருதுன்னா ஒரு நாளும் போத்திவிட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே அதைக் கணவனிடம் நீட்டினாள். "மெத்துன்னு இருக்கும், உரசாது. பிடி."

இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தேய்த்தார்கள். வெந்நீரில் தவிட்டைக் கரைத்து வைத்தார்கள். கால் மணி நேரம் கழித்துக் கப்பல் மறுபடியும் நடுங்க ஆரம்பித்தாள். "ஐயோ, மறுபடியுமா?" என்றான் கங்கப்பன். "நடுங்கட்டும். நல்லதுதான்" என்றான் ஆஞ்சப்பன்.

முதலாளியின் கார் பத்தரை மணிக்கு வந்தது. இறங்கியவர், முற்றத்து நடுவில் இரண்டு கம்பளி, ஒரு சேலை விரிப்பு, சிலும்பிக்கொண்டு நிற்கும் வைக்கோல் எல்லாவற்றோடும் நின்ற உருவத்தைப் பார்த்தார்.

"இதுவா நாராயணப்பா?"

நாராயணப்பன் முன்னால் வந்தார். "ஆமாங்க. அது ஊர்ல இப்ப வெயில் காலமுங்க. மயிர் இல்லாம வந்துடுச்சு. நான்தான் போத்தச் சொன்னேன்."

"நல்லதாப் போச்சு" என்றார் முதலாளி. கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "தோலைப் பாக்கவா வாங்கினேன்? குட்டிதானே வேணும்." இரண்டு நிமிஷம் நின்றார். பிறகு டிபன் சாப்பிடப் போனார்.

கங்கப்பன் ஆஞ்சப்பனைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தான். ஆஞ்சப்பன் குனிந்து பின்னங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கப்பலுக்கு ஆறு நாள் காய்ச்சல் இருந்தது. ஏழாம் நாள் புல்லை மிச்சம் வைக்காமல் தின்றாள். தை, மாசி முழுக்கச் சேலை விரிப்போடும் அதன் மேல் கம்பளியோடும்தான் இருந்தாள். அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. மாசியில் மற்ற பதினான்கும் மூட்டை மூட்டையாக மயிர் உதிர்த்து மினுங்க ஆரம்பித்தன. சரசம்மா இரண்டு தடவை விரிப்பைத் திருப்பிக் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு வேறொன்று தைத்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் நாராயணப்பன் வேகவேகமாக லாயத்துக்கு வந்தார். மாம்பழ வண்டிகள் கிருஷ்ணகிரிப் பக்கம் போய்க்கொண்டிருந்த நாட்கள். மழை தள்ளிப்போய் வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆஞ்சப்பா, கப்பலைப் பாத்தியா? கரடியாட்டம் ஆயிடுச்சே. இத்தனாம் பெரிய மயிரு. ஒடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. சீக்குதான்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். "சீக்கா?"

"இல்லீங்க. அவ ஊர்ல இப்ப மார்கழிங்க."

நாராயணப்பன் அதை நினைத்துப் பார்த்தார். "அப்போ அங்க குளிருன்னு இங்க வளத்துக்கிட்டு இருக்குது."

"ஆமாங்க. இந்த ஒரு வருஷந்தான். அப்புறம் நம்ம கணக்குக்கு வந்துடுவா."

"அது வரைக்கும் இந்த வெயில்ல என்னா பண்றது?" அவர் கேட்ட விதத்தில் உத்தரவு இல்லை.

"மயிரை வெட்டணுங்க."

"கங்கப்பன் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கானே. வரதுக்கு நாலு நாளு ஆகும்."

ஆஞ்சப்பன் கப்பலைப் பார்த்தான். நீள மயிரின் நுனிகளில் வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. விலா வேகமாக ஏறி இறங்கியது. குளிரில் காற்றைச் சிக்கவைத்துக் காப்பாற்றும் அதே மயிர், வெயிலில் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். மயிருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"மிஷினு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டான்.

புங்க மரத்து நிழலில் அவளைக் கட்டினான். கைமிஷினுக்கு எண்ணெய் விட்டு இரண்டு தடவை வெறுமனே அழுத்திப் பார்த்தான். சத்தம் அதேதான். கழுத்தின் அடியில் வைத்து, மயிர் படுத்திருக்கும் திசைக்கு எதிராக மேலே தள்ளினான். செம்பழுப்பு மயிர் சுருண்டு அவன் காலடியில் விழுந்தது. அடியில் வெளிறிய தோல் தெரிந்தது. ஏதாவது தோன்றும் என்று சற்று நேரம் காத்திருந்தான். எதுவும் தோன்றவில்லை. மறுபடியும் தள்ளினான். கழுத்து, தோள், விலா. கப்பல் ஒரு பின்னங்காலை மடக்கி, கீழ் உதட்டைத் தொங்கவிட்டு, பாதித் தூக்கத்தில் நின்றாள்.

ஒரு பக்கம் முடிந்ததும் மிஷினைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை வெட்டிய தோல் மேல் அகலமாக விரித்து வைத்தான். மூன்று விரல்களுக்குச் சூடு தெரிந்தது. இரண்டுக்குத் தெரியவில்லை. கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு மயிரைக் காலால் ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கம் போனான்.